பொட்டாசியம் கூடிவிட்டது, பொடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: இனி என்ன செய்வது?

போன வருடம் சித்திரை வெயிலில், கால் ஓய்ந்து ஓய்ந்து வருகிறது என்று அப்பா சொன்னதால் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். இருபது வருடச் சர்க்கரை, பத்து வருட பி.பி., கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவரும் சிறுநீரகம். பொட்டாசியம் 5.9 என்று வந்தது. அன்றே திரும்ப எடுத்தபோது 5.8. சிறுநீரக மருத்துவர் ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு "அட்மிஷன் வேண்டாம்" என்று சொல்லி, சீட்டில் ஒரு பொடியை எழுதினார். மூன்று வேளை, வேளைக்கு ஒரு பொட்டலம், ஏழு நாள்.

ஏழு நாள் கழித்து 5.7.

பொடிமேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான்தான் அதை ஆரஞ்சு ஜூஸில் கலந்து கொடுத்தேன், மற்ற மாத்திரைகளோடு சேர்த்தே கொடுத்தேன். அப்பாவுக்கு நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை என்பதை நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. முறையாகக் கொடுத்த அடுத்த ஐந்து நாளில் 4.9-க்கு வந்தது. அந்த வீணாய்ப்போன ஏழு நாள் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எத்தனை பொட்டலம், எத்தனை நாள் என்பது உங்கள் மருத்துவர் சீட்டில் இருப்பதுதான். அதை நான் மாற்றப் போவதில்லை. சீட்டில் எழுதாமல் விட்டுப்போவதைத்தான் சொல்கிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் எழுதித் தருவது கால்சியம் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் என்ற பொடி. 'கே-பைண்ட்' போன்ற பெயர்களில் 15 கிராம் பொட்டலமாக வரும். இது ரத்தத்துக்குள் போகவே போகாது. குடலுக்குள் இருந்துகொண்டு, தன்னிடமுள்ள கால்சியத்தை விட்டுவிட்டுப் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததோடு மலத்தில் வெளியேறும். எதில் கலக்கலாம், எந்த மாத்திரையோடு கொடுக்கக் கூடாது, ஏன் தினமும் வயிறு போக வேண்டும் என்று கீழே வருகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

1. அந்த எண் உண்மைதானா என்று கேளுங்கள்

பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருக்கலாம். லேபுக்கு லேப் மேல்வரம்பு 5.1, 5.3 என்று சற்று மாறும். சில ரிப்போர்ட்டில் மில்லி ஈக்விவலென்ட் என்று போட்டிருப்பார்கள். பொட்டாசியத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே எண்தான், குழம்ப வேண்டாம்.

நம் உடம்பின் பொட்டாசியத்தில் பெரும்பங்கு செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. ஊசி குத்தும்போதோ, குழாயை எடுத்துப்போகும் வழியிலோ சிவப்பணுக்கள் உடைந்தால் அது வெளியே கசிந்து, ரிப்போர்ட்டில் எண் பொய்யாக ஏறிவிடும். கையில் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு "நல்லா கையை மூடித் திறங்க, மூடித் திறங்க" என்கிறார்களே, அதுவே போதும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப்போகிற தம்பி அதைப் பைக் பெட்டியில் போட்டு இன்னும் நான்கு வீடு சுற்றிவிட்டு லேபுக்குப் போனாலும் கதை அதேதான்.

ஆகவே:

- ரிப்போர்ட்டின் அடியில் 'ஹீமோலைஸ்டு' (சிவப்பணு உடைந்த ரத்தம்) என்று ஏதாவது குறிப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாமல் மருத்துவரிடம் கேட்டு உடனே திரும்ப எடுங்கள்.
- பொட்டாசியத்துக்கு ரத்தம் கொடுப்பதென்றால் லேபுக்கே நேரில் போய்க் கொடுங்கள். கையை மூடித் திறக்கச் சொன்னால், "பொட்டாசியம் பார்க்கணும், அது வேண்டாம்" என்று சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர் ஒப்புக்கொள்வார்.
- அடுத்தடுத்த பரிசோதனையை ஒரே லேபில் செய்யுங்கள்.

பொய்யாக ஏறிய எண்ணுக்குப் பொடி சாப்பிட்டால், சரியாக இருந்த பொட்டாசியம் குறைந்துபோகும். அதுவும் இதயத்துக்கு ஆகாது.

2. இது பொடிக்கான நேரமா, 108-க்கான நேரமா?

இந்தப் பொடி மெதுவாகத்தான் வேலை செய்யும். பலன் தெரியச் சில மணி நேரம் ஆகலாம், ஓரிரு நாளும் ஆகலாம். அதனால் அவசர நிலைக்கு இது உதவாது.

எண் 6.5-ஐத் தொட்டாலோ, ஈ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்தாலோ ஆஸ்பத்திரிதான். அங்கே இதயத்தைக் காக்க நரம்பில் கால்சியம் குளுகோனேட் போடுவார்கள். பொட்டாசியத்தைத் தற்காலிகமாகச் செல்லுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றுவார்கள், சால்புட்டமால் புகை வைப்பார்கள். தேவைப்பட்டால் டயாலிசிஸ். இவற்றில் எதையும் வீட்டில் செய்ய முடியாது. எண் 6-ஐத் தாண்டியிருந்தால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்து நாளைக்குத் தள்ளாமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.

நெஞ்சு படபடப்பு, துடிப்பு விட்டுவிட்டு அடிப்பது, மூச்சுத் திணறல், மயக்கம், கை கால் தூக்க முடியாத சோர்வு இவற்றில் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இன்னொன்று, பொட்டாசியம் ஏறுவது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்று அப்பா சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒரு முறை விட்டுப்போனதற்கு ஈடாகக் கூடுதல் பொட்டலம் போட்டுச் சமாளிப்பது ஆபத்து. யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள்.

3. மருத்துவரிடம் எதையெல்லாம் எடுத்துப்போக வேண்டும்

எங்கள் வீட்டில் ஒரு மஞ்சப்பை இதற்கென்றே ஆணியில் தொங்குகிறது. உள்ளே இருப்பவை:

- கடைசி இரண்டு மூன்று ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், தேதிவாரியாக. பொட்டாசியத்தோடு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் இருக்க வேண்டும்.
- ஈ.சி.ஜி. தாள். அதன் எழுத்து நாளடைவில் மங்கிவிடும் என்பதால் ஒரு ஜெராக்ஸும்.
- பழைய டிஸ்சார்ஜ் சம்மரி.
- வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், அட்டையோடு. பெயரை எழுதிப் போவதைவிட இது நல்லது, நாம் எழுதும்போது ஒன்றிரண்டை மறந்துவிடுவோம்.
- சித்த மருந்து, சூரணம், லேகியம், மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, சத்துப் பவுடர் டப்பா. வெட்கப்படாமல் எல்லாவற்றையும் மேசைமேல் வையுங்கள்.

பொட்டாசியத்தை ஏற்றுவது பல நேரம் இந்தப் பைக்குள்ளேயே இருக்கும். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பி.பி. மாத்திரைகள், நீர் பிரிய எழுதும் ஸ்பைரோனோலாக்டோன், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள், கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எல்லாம் அந்த வகை. சிறுநீர் எரிச்சலுக்கும் கல்லுக்கும் தரும் சில சிரப்புகளில் பொட்டாசியம் சிட்ரேட்டே இருக்கும்.

இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு நீங்களாக பி.பி. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கவே அவற்றைக் கொடுத்திருப்பார்கள். குறைப்பதா, மாற்றுவதா, பொடியோடு சேர்த்துத் தொடர்வதா என்பது மருத்துவர் பார்வைக்கு உரியது. வலி மாத்திரை கதை வேறு. யாரும் எழுதிக் கொடுக்காமல் கடையில் வாங்கியதென்றால் அன்றே நிறுத்திவிட்டு, நிறுத்தியதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பொடி எழுதும்போது நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை: மலச்சிக்கல் உண்டா, குடல் அடைப்போ வயிற்று ஆபரேஷனோ சமீபத்தில் நடந்ததா, விழுங்கும்போது புரையேறுமா, ரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே கூடுதலா, பாராதைராய்டு கோளாறு உண்டா, இதயத்துக்கு டிஜாக்சின் சாப்பிடுகிறாரா. இதில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே வேறு மருந்தோ வேறு அளவோ தேவைப்படலாம்.

4. மருந்துக் கடையில் சீட்டைக் காட்டுங்கள், வாயால் கேட்காதீர்கள்

பொடி தீர்ந்த ஒரு நாள் என் தம்பி கடையில் போய் "பொட்டாசியம் மருந்து கொடுங்க" என்று கேட்டிருக்கிறான். கடைப்பையன் எடுத்துவைத்தது பொட்டாசியம் குளோரைடு சிரப். அது பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு அதை ஏற்றுவதற்காகக் கொடுப்பது! தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியதால் தப்பித்தோம். அந்தப் பையனையும் குறை சொல்ல முடியாது, அவன் காதில் விழுந்தது அதுதான்.

வாங்கியதும் பொட்டலத்தில் மருந்தின் பெயரைப் படியுங்கள். 'கால்சியம் பாலிஸ்டைரீன்' என்று இருக்கிறதா, 'சோடியம் பாலிஸ்டைரீன்' என்று இருக்கிறதா? இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் சோடியம் உள்ளதில் 15 கிராமுக்குச் சுமார் 1500 மில்லிகிராம் சோடியம் இருக்கும். கால் வீக்கம், இதய பலவீனம், அடங்காத பி.பி. உள்ளவர்களுக்கு அது பாரம். "அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான்" என்று கடையில் சொன்னால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

புதிய மருந்துகளும் இருக்கின்றன: சோடியம் ஜிர்கோனியம் சைக்ளோசிலிகேட், பாட்டிரோமர். உங்கள் சீட்டில் அவை இருந்தால் கீழே நான் சொல்லும் மணிக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த மருந்துக்கான இடைவெளி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவதில் சோடியம் உண்டு, வீக்கம் வரலாம். இரண்டாவது மெக்னீசியத்தைக் குறைக்கலாம்.

5. கலக்குவது

பொட்டலத்தைப் பிரித்தால் வெளிர் பழுப்பு நிறத்தில் நைசான மணல்போல இருக்கும். தண்ணீரில் கரையாது. எவ்வளவு கலக்கினாலும் அரை நிமிடத்தில் அடியில் போய்ப் படியும். முதல் நாள் அப்பா டம்ளரை ஒரு சுழற்றுச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பூச்சு வேலைக்குக் கரைச்ச மாதிரி இருக்கு" என்றார். மேலாக இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டார். அடியில் இரண்டு விரல்கடை கனத்துக்குப் பொடி அப்படியே கிடந்தது. இரண்டு நாளாக அவர் குடித்தது வெறும் கலங்கல் தண்ணீர் என்பது எனக்கு டம்ளர் கழுவும்போதுதான் தெரிந்தது.

செய்ய வேண்டியது:

- சாதாரணத் தண்ணீர் 50 மில்லி போல. இருமல் சிரப் மூடியில் 10 மில்லிக்குக் கோடு இருக்கும், அதில் ஐந்து மூடி. வெந்நீர் வேண்டாம், சூடான எதிலும் போடாதீர்கள், சூட்டில் மருந்தின் தன்மை மாறிவிடும்.
- கரண்டி டம்ளருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே குடிக்க வேண்டும். பிறகு இரண்டு வாய் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடிக்க வேண்டும்.
- உட்கார்ந்து குடிக்க வேண்டும். குடித்ததும் படுக்கக் கூடாது, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். படுத்த வாக்கில் கொடுத்துப் புரையேறினால் பொடி நுரையீரலுக்குள் போய்விடும். படுக்கையில் இருப்பவர்களுக்கு இது பெரிய ஆபத்து.
- அப்போதைக்கு அப்போது கலக்குங்கள். காலையிலேயே மூன்று வேளைக்கும் சேர்த்துக் கரைத்து வைக்க வேண்டாம்.
- ஆரஞ்சு, சாத்துக்குடி, தக்காளி ஜூஸ், இளநீர் எதிலும் கலக்கக் கூடாது. பொட்டாசியத்தைப் பிடிக்கப் போகிற பொடிக்குப் பொட்டாசியத்தையே ஊட்டி அனுப்பின கதை அது. முதல் இரண்டு நாள் தண்ணீருக்குப் பிறகு நான் செய்தது அதைத்தான்.

தண்ணீர் அளவு வைத்திருப்பவர்கள், இந்த மூன்று வேளைத் தண்ணீரையும் அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. மணிக்கணக்கு (இதுதான் எல்லாரும் கோட்டை விடும் இடம்)

குடலில் இருக்கும் பொடிக்குப் பொட்டாசியம் மட்டும்தான் கண்ணில் படும் என்றில்லை. கூடவே விழுங்கிய மாத்திரைகளையும் பிடித்துவைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரையின் பலன் குறைந்துபோகும், மற்றவையும் அப்படியே. அதனால் வாய்வழி சாப்பிடும் எந்த மருந்துக்கும் இந்தப் பொடிக்கும் நடுவில் குறைந்தது 3 மணி நேரம் வேண்டும், முன்னாலும் சரி, பின்னாலும் சரி. நெடுநாள் சர்க்கரையால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அது 6 மணி நேரம். இன்சுலின் ஊசிக்கு இந்தக் கணக்கு கிடையாது.

கேட்கச் சுலபமாக இருக்கும். நாளைக்குப் பதினோரு மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு இதை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். காலை, மதியம், இரவு மாத்திரைகளுக்கு நடுவில் மூன்று வேளைப் பொடிக்கு இடமே கிடைக்கவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மதிய மாத்திரைகளை இரவுக்கு மாற்றினார். முடிவில் வந்தது இது:

- காலை 6.00: தைராய்டு மாத்திரை
- 8.30: டிபனோடு காலை மாத்திரைகள்
- 11.30: பொடி
- 2.30: பொடி
- 5.00: பொடி
- இரவு 8.00: சாப்பாட்டோடு இரவு மாத்திரைகள்

இது எங்கள் வீட்டு அட்டவணை. உங்கள் மாத்திரைகள் வேறாக இருக்கும். சாப்பாட்டோடு சாப்பிட வேண்டிய, பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை இருந்தால் மதியத்தை இப்படிக் காலி செய்ய முடியாது. உங்களுடையதை நீங்களே ஒரு தாளில் போட்டு, மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். நாங்கள் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, கொடுத்ததும் பேனாவால் அடித்துவிடுவோம். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்காதீர்கள்.

அசிடிட்டிக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த சிரப்புகளை இந்த நாட்களில் இடைவெளி விட்டுக்கூட நீங்களாகக் கொடுக்க வேண்டாம். பொடியோடு சேர்ந்தால் ரத்தத்தின் காரத்தன்மை ஏறிவிடக்கூடும்.

7. வயிறு போகிறதா என்று தினமும் கேளுங்கள்

பெண் பிள்ளை கேட்கிறாளே என்று அப்பா கூசினார். நானும் கூசித்தான் கேட்காமல் இருந்தேன். பொடி பிடித்த பொட்டாசியம் வெளியேறும் ஒரே வழி அது. வெளியேறாமல் குடலிலேயே தங்கினால் கல்லாக இறுகும், அடைப்பு வரலாம். பிறகு தாளில் ஒரு கட்டம் போட்டு, போனால் அவரே டிக் அடிக்கும்படி செய்தேன். கூச்சமும் போயிற்று, கணக்கும் கிடைத்தது.

பொடி எழுதும்போதே மலம் இளக லாக்டுலோஸ் சிரப் எழுதுகிறார்களா என்று கேளுங்கள். பலரும் எழுதுவார்கள். எழுதாவிட்டால் நீங்களாக எதையும் வாங்காதீர்கள். சார்பிட்டால் கலந்த பேதி மருந்தை இந்தப் பொடியோடு சேர்க்கக் கூடாது. அந்தச் சேர்க்கையால் குடல் திசு அழுகிப்போன பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது. சார்பிட்டால் சில சர்க்கரையில்லாத சிரப்புகளிலும் இருக்கும், லேபிளைப் படியுங்கள். மெக்னீசியம் உள்ள பேதி மருந்து சிறுநீரகக்காரர்களுக்கு எப்போதுமே கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டு நாள் போகவில்லை என்றால் அடுத்த பொட்டலத்தைப் பிரிக்குமுன் மருத்துவரிடம் பேசுங்கள். கடுமையான வயிற்று வலி, வயிறு உப்பி இறுகுவது, வாந்தி, மலத்தில் ரத்தம் அல்லது தார் போன்ற கறுப்பு தென்பட்டால் பொடியை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

8. அடுப்படியில் திருட்டு நடக்கிறதா பாருங்கள்

குடலில் பொடி ஒரு பக்கம் அள்ளிக்கொண்டிருக்க, மறுபக்கம் நாம் கொட்டிக்கொண்டே இருந்தால் எண் எப்படி இறங்கும்?

எங்கள் வீட்டுக் குற்றவாளி உப்பு. பி.பி.க்கு நல்லது என்று நான்தான் 'லோ சோடியம்' உப்பு வாங்கிப் போட்டேன். சோடியத்தைக் குறைத்த இடத்தில் அவர்கள் போட்டிருப்பது பொட்டாசியம் குளோரைடு. ஆறு மாதமாகச் சாம்பாரிலும் ரசத்திலும் அது போய்க்கொண்டிருந்தது. சிறுநீரகம் குறைந்தவர் வீட்டில் அந்தப் பாக்கெட் இருக்கவே கூடாது. சாதாரண உப்பையே அளவாகப் போடுங்கள்.

அடுத்தது இளநீர். சோர்வாக இருக்கிறாரே, வெயில் காலமாச்சே என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இரண்டு இளநீரோடு வருவார்கள். ஒரு காயிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கலாம். பேதிக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் பொட்டாசியம் உண்டு. வாழைப்பழம், கீரை, உருளைக்கிழங்கு, தக்காளி, உலர்ந்த திராட்சை, கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். 'கிட்னிக்கு நல்லது' என்று சொல்லி வாழைத்தண்டுச் சாறு கொடுப்பவர்களை அன்பாகத் திருப்பி அனுப்புங்கள். நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிக்கு நஞ்சு, அதைத் தொடவே வேண்டாம்.

காய்களைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் ஓரளவு போகும். காய் வெந்த தண்ணீரை ரசத்துக்கு ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கீழே ஊற்றினால் அம்மாவுக்கு மனசு வரவில்லை, செடிக்கு ஊற்றுகிறார்.

9. செலவு, காப்பீடு

தினம் மூன்று வேளை என்றால் வாரத்துக்கு 21 பொட்டலம், ஐந்து நாள் என்றால் 15, மாதம் முழுக்க என்றால் 90. பொட்டலத்தின் மேல் இருக்கும் விலையை இதோடு பெருக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முதல் தடவை முழுப் பெட்டியாக வாங்காதீர்கள், மறுபரிசோதனைக்குப் பிறகு பெரும்பாலும் அளவு மாறும். புதிய மருந்துகள் இதைவிடப் பல மடங்கு விலை. கட்டுப்படியாகாது என்றால் வெட்கப்படாமல் மருத்துவரிடமே சொல்லுங்கள். பாதி வாங்கிப் பாதி விடுவதைவிட அது நல்லது.

பரிசோதனைக்குப் போகும்போது எலக்ட்ரோலைட் (சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகள்) மட்டுமா, சிறுநீரகப் பரிசோதனை முழுவதுமா என்று சீட்டில் பாருங்கள். இடையில் ஒருமுறை பொட்டாசியம் மட்டும் பார்க்கச் சொன்னதற்கு முழு பேக்கேஜையும் எடுத்துவிட்டு வந்து நான் பணத்தைக் கரியாக்கினேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மருத்துவர் பார்ப்பதும் மருந்தும் இலவசம். சிறுநீரகப் பிரிவு புறநோயாளிகளை எந்தக் கிழமை பார்க்கிறது என்று முதலில் விசாரித்துக்கொண்டு, காலையிலேயே ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். பொடி அங்கே இருப்பில் இருக்கிறதா என்பதையும் மருந்து கொடுக்கும் ஜன்னலில் கேளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இந்தப் பொடிச் செலவுக்கு உதவாது. அது உள்நோயாளியாகச் சேர்வதற்கும் டயாலிசிஸ் போன்றவற்றுக்கும். ஆனால் என்றாவது இரவு 6.8 என்று வந்து ஓட வேண்டியிருந்தால் அன்றைக்குத் தேவைப்படும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கையில் வரச் சில நாள் ஆகும். ஆகவே அவசரம் வருமுன் வாங்கி மஞ்சப்பையில் போட்டுவையுங்கள்.

10. மறுபரிசோதனையும் நிறுத்துவதும்

சீட்டை வாங்கும்போதே "திரும்ப எப்போ ரத்தம் பார்க்கணும்?" என்று தேதி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓரிரு நாளா, ஒரு வாரமா என்பது உங்கள் எண்ணைப் பொறுத்தது. எங்களுக்கு முதல் தடவை தேதி சொல்லியிருந்தார்கள், அதனால்தான் தவறு ஏழு நாளோடு நின்றது. பொட்டாசியத்தோடு கால்சியம், மெக்னீசியமும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

எண் இறங்கிவிட்டால் பொடியைத் தொடர்வதா, குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். 3.5-க்குக் கீழே போனால் தசைப்பிடிப்பு, சோர்வு, படபடப்பு எல்லாம் வரும். டிஜாக்சின் சாப்பிடுபவருக்கு அது இன்னும் மோசம். இறங்கிய எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் பி.பி. மாத்திரை பழைய அளவுக்கு ஏறியிருக்கிறதா என்றும் சீட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏறியிருந்தால் இன்னொரு ரத்தப் பரிசோதனைத் தேதி வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

எங்களுக்கு ஆறு பொட்டலம் மிச்சமானது. போன வாரம் கல்யாண வீட்டில் இலையில் விழுந்ததை எல்லாம் சாப்பிட்டுவிட்டு வந்த அப்பா, "எதுக்கும் அந்தப் பொடியில ஒண்ணைப் போட்டுக்கவாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு லேபுக்குக் கூட்டிப்போனேன். 5.1. பொட்டலங்கள் இப்போது பீரோவுக்கு மேலே இருக்கின்றன, அவருக்கு எட்டாத உயரத்தில்.